எண்பத்தாறு என்று சொன்னேன்

6-8-2001, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஸ்கூட்டர் கிளம்பவில்லை. மல்லேஸ்வரத்திலிருந்து ஹெப்பாள் வரை பஸ், அதற்கப்புறம் ஆட்டோ. குதிரை ஏற்றப் பள்ளியில் பெயர் கொடுத்தாயிற்று.

கடைசியாகக் குதிரை மேல் உட்கார்ந்தது கல்லூரியில், என்.சி.சி. குதிரைப் பிரிவில். அப்போது அறுபத்திரண்டு கிலோ. டில்லி அணிவகுப்புப் பட்டியலில் என் பெயர்தான் முதலில். போனது ஸ்ரீநிவாஸ், பேராசிரியர் மகன். இருபத்தெட்டு வருஷம். மறக்கவில்லை. மறப்பதாகவும் இல்லை.

பள்ளியில் தொண்ணூறு கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை. சுவரிலேயே எழுதியிருக்கிறது. தீவனக் கொட்டகையில் மூட்டை நிறுக்கும் தராசு. புதிதாக வருகிறவர் அதில் ஏறி நிற்க வேண்டும். குதிரைக்காரர் எடையைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். எனக்கு முன்னால் கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்கள் இருவர். ஒருவன் மற்றவனிடம், "அங்கிள் ஏறினா தராசு தாங்குமா மச்சி?" என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னான்.

"நான் என்ன தவிட்டு மூட்டையா? எண்பத்தாறு. எழுதிக்குங்க" என்றேன்.

குதிரைக்காரர் பெயர் அந்தோணி. என் வயது இருக்கும். ரேஸ் கோர்ஸில் இருபது வருஷம் வேலை பார்த்தவராம். என்னை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். "சரி சார்." எண்பத்தாறு. கையெழுத்து.

போன வாரம் டாக்டரிடம் தொண்ணூற்றேழு.

8-8, புதன்

மழை இல்லை. முதல் சவாரி. குதிரை ஷெர்ரி, செம்பட்டை நிறம், ரேஸில் ஓடி ஓய்ந்த பெண் குதிரை. மூன்று படி மரமேடை மேல் நின்று ஏறினேன். முன்பு தரையிலிருந்தே தாவுவேன். நான் இடது பக்கம் ஏற, சேணம் சாயாமல் அந்தோணி வலது பக்கம் கால் நுழைக்கும் அங்கவடியில் தன் முழு பாரத்தையும் போட்டுத் தொங்கினார். "ஏறுங்க சார், ஏறுங்க, நான் புடிச்சிருக்கேன்."

நடைதான், இருபது நிமிஷம். தொடை நினைவு வைத்திருக்கிறது, இடுப்பு மறந்துவிட்டது.

வலிக்கும் இடங்கள்: உள்தொடை, வால் எலும்பு, வலது முழங்கால், பெருமை.

வீட்டில் வசந்தி: "பேங்க்ல வி.ஆர்.எஸ். வாங்கினவங்கல்லாம் வாக்கிங் போறாங்க. உங்களுக்கு மட்டும் ராஜா வேஷம்." தைலம் தேய்த்துவிட்டாள்.

12-8, ஞாயிறு

நல்ல வெயில். நடையில் இரண்டு சுற்று. பிறகு அந்தோணி வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஓட்டம். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மூன்றாவது சுற்றில் ஒரு இருபது அடி, இருபதே அடி, குதிரையும் நானும் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்கினோம். சத்தம் போட்டேன் போலிருக்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இறங்கியதும் அந்தோணி சேணத்தைக் கழற்றி முதுகைக் காட்டினார். எல்லா இடமும் வியர்வையில் நனைந்திருக்க, நடுவில் உள்ளங்கை அளவு மட்டும் காய்ந்திருந்தது.

"வேர்வை வராத எடம் பாரம் அமுக்குற எடம் சார். ரெண்டு மூணு நாள் விட்டுடலாம்."

"சேணத்தை ஒழுங்காப் போட்டா ஏன் அமுக்குது?"

அவர் காய்ந்த இடத்தைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

15-8, புதன்

விடுமுறை. எல்லா ஆட்டோவிலும் கொடி. மறுபடி போனேன். அந்தோணி சேணத்துக்குக் கீழே இன்னொரு கம்பளி மடித்து வைத்தார். "இன்னிக்கு நட மட்டும் சார், ப்ளீஸ்." நாற்பது நிமிஷம். பாதிக்கு மேல் ஓட்டம். அந்த இருபது அடி திரும்ப வரவில்லை.

17-8, வெள்ளி

ஷெர்ரியின் முதுகில் வீக்கம். தேங்காய் மூடியைக் கவிழ்த்த மாதிரி. தொட்டால் உடம்பு முழுக்கச் சிலிர்த்துக்கொள்கிறது. இரண்டு மாதம் யாரும் ஏறக் கூடாதாம். ரணமாகிவிட்டால் அப்புறம் எப்போதுமே கூடாதாம்.

பள்ளியை நடத்தும் மேஜர் எல்லோர் முன்னாலும் அந்தோணியைப் பிடித்துக் கத்தினார், கன்னடத்தில். சேணம் போடத் தெரியாதா, இருபது வருஷம் எதைக் கிழித்தாய். கடைசியில் "ஹோகு, மனெகெ ஹோகு." வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். நாளையிலிருந்து வேலை இல்லை.

அந்தோணி வாயைத் திறக்கவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. துணியை நனைத்துக் குதிரையின் முதுகில் போட்டுவிட்டு சைக்கிளை எடுத்தார்.

மேஜர் என்னிடம், "சாரி சார். மண்டேயிலிருந்து உங்களுக்கு வேறே குதிரை." தலையாட்டினேன்.

18-8, சனி

வெளியே போகவில்லை. நிறுத்துப் பார்க்க வேண்டியது அவர் வேலை. அவர் நிறுக்கவில்லை. கையெழுத்து அவருடையது. மேஜர் என்னை எதுவும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

93-இல் பேங்கில் மேலதிகாரி தொலைத்த கோப்பு என் தலையில் விழுந்தபோது கோபிநாத் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். எல்லாம் தெரியும் அவனுக்கு. "என்னை யாரும் கேக்கலையேப்பா" என்றான் பிற்பாடு. அதோடு என் பதவி உயர்வு போயிற்று. அவன் மகள் கல்யாணத்துக்குக்கூட நான் போகவில்லை.

இது வேறு. அது வேறு.

மதியம் தூக்கம் வரவில்லை.

20-8, திங்கள்

பள்ளிக்குப் போகவில்லை. வசந்தி: "என்ன, குதிரை தள்ளிவிட்டுடுச்சா?" நடந்ததைச் சொன்னேன். கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். "அவருக்கு வீட்ல எத்தனை பேரு?" தெரியாது என்றேன். "தெரியாதா?" என்றாள். அவ்வளவுதான்.

22-8, புதன்

தீவனக்காரரிடம் விலாசம் கேட்டு ஒக்கலிபுரம் போனேன். ரயில் சத்தத்தில் சுவர் அதிரும் சந்து. அந்தோணி மனைவி, "வாங்கண்ணா, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மரியாதையாகப் பேசுகிற குடும்பம். இரண்டு பெண்கள், ஒருத்தி காலேஜில்.

அந்தோணி முதலில் கேட்டது: "ஷெர்ரிக்கு வீக்கம் வடிஞ்சிருக்கா? ஐஸ் வெக்கிறாங்களா?"

தெரியாது என்றேன். மறுபடியும்.

வேலை தேடினாராம். ரேஸ் கோர்ஸில் இந்த வயதில் எடுப்பதில்லை. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர் ஒருவர் கூப்பிட்டிருக்கிறார். "பேண்டு சத்தத்துல அதுங்களைப் புடிச்சிட்டு நிக்கணும். மனசு வரல சார்."

சொல்லிவிட்டேன். எண்பத்தாறு இல்லை, தொண்ணூற்றேழு.

சிரித்தார். "ரேஸ் ஓட்டுற ஜாக்கிங்களையே எடை பாத்த கண்ணு சார் இது. நீங்க கேட் கிட்ட வரும்போதே தெரியும்."

"அப்புறம் ஏன் எழுதினீங்க?"

"அந்த ரெண்டு பேரு சிரிச்சாங்க இல்ல. தராசுல ஏத்தினா நீங்க அப்படியே திரும்பிப் போயிருப்பீங்க. அதுக்கு முன்னாடி நீங்க லாயத்துல நின்னு ஷெர்ரி காதைத் தொட்டுப் பாத்துட்டிருந்ததை நான் பாத்தேன். சரி, நாலு நாள் மெதுவா நடக்கவெச்சு அனுப்புவோம்னு நெனச்சேன். ஓட்டுவீங்கன்னு நெனக்கல."

அவர் மனைவி காபி கொண்டு வந்தார். குடித்தேனா என்று நினைவில்லை.

திரும்பும் வழியெல்லாம் அவர் மேல் கோபம்தான். என்மேல் பரிதாபப்பட இவர் யார்? மல்லேஸ்வரம் வரை நடந்தே வந்தேன். கோபம் பாதி வழியில் தீர்ந்துவிட்டது. மிச்ச வழிக்கு ஒன்றும் இல்லை.

23-8, வியாழன்

மேகமூட்டம். ஏழு மணிக்கே மேஜர் அறையில். எடையைப் பொய்யாகச் சொன்னேன் என்றேன். வேண்டாம் என்று அந்தோணி தடுத்தும் ஓட்டினேன் என்றேன்.

மேஜர் முட்டாளில்லை. "அந்தோணி யாக்கே, ஏன் நிறுக்கலே? தெரிஞ்சே எழுதினானா? அப்படின்னா அவனுக்கு இந்த லைன்லேயே வேலை இல்லை."

"அவருக்குத் தெரியாது. நிறுக்கணும்னுதான் சொன்னார். டாக்டர் சீட்டு ஒண்ணைக் காட்டினேன். எண்பத்தாறுன்னு இருந்தது. அதை நான்தான் திருத்தியிருந்தேன்."

அப்படி ஒரு சீட்டே கிடையாது.

மேஜர் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். எழுதிக் கொடுத்தால் அந்தோணி திங்கள் முதல் வரலாம். நான் இனி கேட்டுக்கு உள்ளே வரக் கூடாது.

எழுதினேன். எடையை மறைத்தது, சீட்டைத் திருத்தியது, குதிரைக்காரரை ஏமாற்றியது. இரண்டு தடவை படித்தார்.

"பேங்க் ஆபீசர் அல்லவா நீங்க?"

"ஆமாம்."

"கீழே அதையும் எழுதுங்க."

எழுதினேன்.