எரியாத ஜெபவீடு

இஞ்சரப்பா,

போனிலை சொன்னால் கத்துவியள், அதுதான் எழுதிறன். லண்டனிலையிருந்து உங்கடை லோயர் அனுப்பின கடதாசி வந்தது. நாங்கள் சைவத்தை விட்டு வேதத்துக்கு மாறினதுக்காகப் பக்கத்து வீட்டுப் புவனேசக்கா ஆக்கள் என்னை அடிச்சு, ஜெபவீட்டையும் எரிச்சவையாம். நான் கையெழுத்து வைச்சால் உங்கடை அகதி வழக்கு வெல்லுமாம்.

வைக்கமாட்டன்.

புயலிலை ஜெபவீட்டுக் கூரை பறந்த அண்டைக்கு, எங்கடை பைபிளுகளை நனையவிடாமல் தன்ரை சாமியறையிலை வைச்சிருந்து தந்தது ஆர்? புவனேசக்காதானே. மறந்திட்டுதோ?

அங்கை வழக்குப் போடுற எல்லாரும் இப்பிடித்தான் எழுதிக் குடுக்கினமாம். குடுக்கட்டும். காலமை முழங்காலிலை நிண்டு உங்களுக்காக ஜெபிக்கிறன். உந்தக் கடதாசியையும் கர்த்தருக்கு முன்னாலை வைச்சு, "இந்தப் பொய்யை ஆசீர்வதியும்" எண்டு கேட்கவோ? எனக்கு ஏலாது. நீங்கள் கேட்டுப் பாருங்கோ.

திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். கஞ்சியோ கூழோ, இஞ்சை சேர்ந்து குடிப்பம். கட்டுநாயக்கா எயாப்போட்டுக்கு நானே வாறன். தனிய வரமாட்டன், புவனேசக்காவையும் கூட்டிக்கொண்டுதான் வருவன். அவவின்ரை முகத்தைப் பார்த்து, "நீங்கள்தான் என்ரை மனுசிக்கு அடிச்சனீங்கள்" எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு பேனையை எடுக்கிறன்.

அடி வாங்காத,
உங்கடை மனுசி