நான் போட்ட கோடு

இன்று ஆறாம் வகுப்பில் ஒரு பெண் சார்ட் எழுத ஊதா மார்க்கரின் மூடியைத் திறந்தாள். அந்த வாசனை வந்ததும் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். உன் நினைவுதான்.

தாம்பரத்தில் கதிர்வீச்சு சிகிச்சைக்கு எனக்கு அடுத்த ஆள் நீ. இருவருக்கும் மார்பில்தான் புற்று. கோவளத்தில் மீன் விற்றுவிட்டு பஸ் பிடித்து வருவாய். கதிர் நல்ல செல்லையும் அடிக்கும், கெட்ட செல்லையும் அடிக்கும். நல்லது தன்னைச் சரிசெய்துகொள்ளும், கெட்டதற்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு, அதற்காகத்தான் தினமும் கொஞ்சமாகக் கொடுத்து சனி, ஞாயிறு விடுகிறார்கள் என்று டாக்டர் சொன்னதை உன்னிடம் சொன்னேன். "நல்ல செல்லுக்குக் கூட லீவு கீது. எனக்கு ஞாயித்துக்கெயமதான் யாவாரமே" என்று சிரித்தாய்.

ஒரு வியாழக்கிழமை, உடை மாற்றும் அறையில் என் கையைப் பிடித்தாய். கதிர் விழவேண்டிய இடத்தைக் காட்ட உன் மார்பில் டெக்னீஷியன் போட்ட கோடு வேர்வையில் அழிந்திருந்தது. கூடை தூக்காதே என்று அவர் ஏற்கெனவே இரண்டு முறை திட்டியிருந்தார்.

"நீ டிராயிங் டீச்சர்தானே அக்கா, போட்டு வுடு. யாராண்டயும் சொல்லாத."

பையில் ஊதா மார்க்கர் இருந்தது. போட்டுவிட்டேன். அவர் கவனிக்கவில்லை; அன்று அந்தக் கோட்டில்தான் கதிர் விழுந்தது. மறுநாள் அதுவும் அழிந்துபோக, திட்டிக்கொண்டே அளந்து புதிதாகப் போட்டார். நான் போட்ட இடத்திலிருந்து அது ஒரு விரல் தள்ளியிருந்தது.

"இன்னாக்கா, இதுக்குப் போயி மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீற?" என்றாய்.

எனக்குக் குணமாகிவிட்டது. உனக்கு அதே பக்கம் மறுபடி வந்தது. ஆடி மாதம் உன் மகள் போன் செய்து, "அம்மா பூட்டாங்க ஆன்ட்டி" என்றாள். அந்த வியாழக்கிழமை என் கோட்டால் கெட்ட செல்லுக்கும் ஒருநாள் லீவு கிடைத்துவிட்டதோ என்ற பயம் அப்போது பிடித்தது. இன்னும் விடவில்லை.

போன வாரம் செக்கப்பில், "ஒருநாள் கோடு தள்ளிப் போயிருந்தா என்ன ஆகும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஒருநாளால ஒண்ணும் ஆகாதும்மா. உங்களுக்குத்தான் எல்லாம் நார்மலா இருக்கே, ஏன் பயப்படறீங்க?"

எனக்காகக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். மனசுதான் கேட்கவில்லை.

"நல்லாயிட்டியே, இன்னும் என்ன யோசனை?" என்கிறார் என் வீட்டுக்காரர். அந்த அறையில் நடந்தது நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும் தெரியும்.