ஷைலாவின் திரையில் வாணவேடிக்கை

திருத்தங்கல்,
வியாழக்கிழமை

அன்புள்ள ஆல்பினுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் நான், அம்மா, உன் தங்கை ஷைலா மூன்று பேரும் சுகம். ஷைலாவின் வயிற்றில் இருக்கிற நாலாவது ஆளும் சுகம் என்று ஸ்கேன் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். டப்ளினில் குளிர் தொடங்கியிருக்கும், உன் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னாள். போனில் பேசாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீ சத்தமாகப் பேசுவாய், ஷைலா பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறாள்.

உனக்குத் தெரிந்ததுதான், முன்பு இரண்டு முறை அவளுக்குக் கரு தங்காமல் போனதால் இந்த முறை டாக்டரம்மா படியிறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி காசிராஜன் அண்ணாச்சியும் பெரிய மனதோடு, தன் பட்டாசுக் கம்பெனியில் இருக்கிற அவளுடைய கம்ப்யூட்டரை வீட்டிலிருந்தே இயக்கி லேபிள் வரையச் சம்மதித்தார். ஆனால் இங்கே மவுஸை நகர்த்தினால், அங்கே அது நகர்ந்து அந்தப் படம் திரும்பி வருவதற்குள் இவள் வேறெங்கோ அழுத்தியிருப்பாள். போன வாரம் நீ சொன்னபடி வைஃபையை விட்டுவிட்டு வயரை மாட்டினோம், திரைக்கு வருகிற நிறங்களின் அளவையும் குறைத்தோம். கொஞ்சம் வேகம் வந்தது. சிக்கலும் அதில்தான் வந்தது. உன் கணக்கு வேலைக்கு நிறம் குறைந்தால் ஒன்றுமில்லை, லேபிள் வேலையில் நிறம்தானே வேலையே. மத்தாப்புப் பெட்டிக்கு ஒரு ரோஜாப்பூ. திரையில் சிவப்பு மங்கித் தெரிகிறதே என்று இவள் கூட்டிக் குறைத்து அனுப்பிவிட்டாள், அங்கே தாளில் வேறு நிறமாக வந்துவிட்டது. அச்சகத்தைப் பார்த்துக்கொள்கிற பாண்டிமீனா போன் போட்டு, இது ரோஜாவா செங்கச்சூளையா ஷைலாக்கா என்று கேட்டதில் இவள் முகம் செத்துப்போயிற்று.

அன்று சாயங்காலமே அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். சீசன் நேரம் சார், திங்கக்கிழமையிலிருந்து அவுகளை ஆபீசுக்கு வரச் சொல்லுங்க, முடியலேன்னா நான் வேற ஆளைப் போட்டுக்கிறேன், தப்பா நினைக்காதீக என்றார். ஷைலா அதைக் கேட்டுவிட்டு, பஸ்ஸில முன் சீட்டில உக்காந்து மெதுவாப் போயிருவேன்ப்பா என்கிறாள். ஏட்டி, உனக்கு லேபிள் பெருசா பிள்ளை பெருசா என்று அம்மா கத்த, பிள்ளைக்குந்தாம்மா போறேன் என்று அவளும் கத்த, நான் எந்தப் பக்கம் பேசுவது. எழில் மாப்பிள்ளைக்குக் கோவையில் இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை, அந்தப் பயம் அவளுக்கு. நம் ஊர் ரோட்டில் பஸ் எப்படித் தூக்கிப் போடும் என்பது உனக்கே தெரியும், அந்தப் பயம் எனக்கு.

நேற்று அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். லேபிளுக்குப் பின்னால் திரையில் வாணம் வெடித்துக்கொண்டே இருக்கிறது. கம்பெனியின் புது வாணத்தை விட்டுப் பார்த்தபோது எடுத்த வீடியோவாம். சீசன் தொடக்கத்தில் பூஜை போட்டு எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஓடவிட்டார்களாம், தீபாவளி வரை நிறுத்துவது நல்ல சகுனம் இல்லையாம். பார்த்துப் பார்த்துப் பழகியதால் இவளுக்கு அது கண்ணிலேயே படவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. ஒரு வாணம் விரிகிறபோதெல்லாம் மவுஸ் நின்றுவிடுகிறது, வானம் இருட்டானதும் ஓடுகிறது. எனக்குப் பளிச்சென்று ஆயிற்று. என் வகுப்பில் கண் சரியாகத் தெரியாத பையனுக்குப் பக்கத்துப் பையன் போர்டைப் படித்துச் சொல்கிறான் என்று வைத்துக்கொள். நான் ஒரு வரி சேர்த்து எழுதினால் அந்த ஒரு வரியைச் சொன்னால் போதும். நான் போர்டு முழுவதையும் அழித்து அழித்து எழுதினால் அவன் என்ன செய்வான்? அந்த வயரும் பாவம், ஒவ்வொரு தீப்பொறியையும் நம் வீட்டுக்குச் சுமந்துகொண்டிருக்கிறது.

அண்ணாச்சியிடம் சொன்னேன். வெடியாபீசுக்குப் போன் போட்டு வெடியை நிப்பாட்டச் சொல்றீகளே சார், வேற யாராவது கேட்டிருந்தா போனை வச்சிருப்பேன் என்றார். மற்ற கம்ப்யூட்டரில் எல்லாம் வெடிக்கட்டும் அண்ணாச்சி, என் மகளுடையதில் மட்டும் நிறுத்துங்கள் என்றேன். ஒரு நாள் பாப்போம், அந்த ரோஜாவை ஒழுங்கா அனுப்பச் சொல்லுங்க என்று வைத்துவிட்டார்.

இன்று காலை பாண்டிமீனா வாணத்தை நிறுத்தினாள். நாங்கள் நிறத்தை முழு அளவுக்குத் திருப்பி வைத்தோம். மவுஸ் கையோடு கூடவே போயிற்று. ஷைலா ரோஜாவைத் திருத்தி அனுப்பினாள். அதற்கப்புறம் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். சாப்பாட்டு நேரமும் தாண்டியாயிற்று, ஒரு தகவலும் இல்லை. அவள் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள், நான் டாக்டரம்மாவுக்குப் போன் போடப் போனேன். உதைக்கிதுப்பா, வேற ஒண்ணுமில்ல என்றாள். அப்போதுதான் அண்ணாச்சி கூப்பிட்டார். ரோஜா ரோஜாவாவே இருக்கு சார், திங்கக்கிழமை யாரும் வரவேணாம், அந்தப் பிள்ளையைப் போய்ப் படுக்கச் சொல்லுங்க, வெடிக்க வேண்டியது தீபாவளிக்கு வெடிச்சுக்கிடும் என்றார்.

இனி நீ கூப்பிடும்போது கம்ப்யூட்டர் வேகத்தைப் பற்றி எடுத்த எடுப்பில் கேட்காதே. அண்ணனுக்கு நான் ஒண்ணும் தெரியாதவள் என்று ஒரு வருத்தம் அவளுக்கு இருக்கிறது. முதலில் சாப்பிட்டாயா என்று கேள். நீயும் வெளியே போகும்போது கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள், மருந்தை மறந்துவிடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஷைலா கம்ப்யூட்டரை மூடாமலே தூங்கிவிட்டாள், எழுப்ப மனசில்லாமல் அம்மா கட்டிலோரம் உட்கார்ந்திருக்கிறாள்.

அன்புடன்,
உன் அப்பா
ராஜசிங்