துணியில்லாமல் ஓடிய தையல் மிஷின்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று ஒரு தையல் மிஷினை அளக்கப் போனேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் சத்தம் அளக்கிற இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஆலைச் சங்கு, கல் உடைக்கும் இயந்திரம், ஜெனரேட்டர், கூட்டத்து ஒலிபெருக்கி எல்லாம் அளந்தாயிற்று. தையல் மிஷின் இதுதான் முதல்.

நகரத்திலிருந்து ஒரு மணி நேரம். ரயில் பாதை முடியப்போகிற இடத்தில் ஒரு குடியிருப்பு. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய வீடுகள், ஒரே உயரத்துக் கேட்டுகள். ஒரு கடை கிடையாது. வண்டியை நிறுத்தியதும் எங்கள் டிரைவர் கதவைக் குழந்தை தூங்கும் அறைக் கதவு போலச் சாத்தினார். யாரும் சொல்லாமலே அப்படிச் செய்ய வைக்கிற ஊர்.

புகார் கொடுத்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். சுங்க இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா காலை ஏழு மணிக்கு மிஷினை ஓட்ட ஆரம்பித்தால் சாயங்காலம்வரை நிறுத்துவதில்லையாம். இந்த ஊரில் கடல் இல்லை, மலை இல்லை, இருக்கிற ஒரே ஐசுவரியம் அமைதிதான், அதையும் ஊசியால் குத்திக் கிழிக்கிறார்கள் என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் ஜன்னலில் மீட்டரை வைத்தேன். நாற்பத்தாறு டெசிபெல். அனுமதிக்கப்பட்டது ஐம்பத்தைந்து. 'வரம்புக்குள்' என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம்.

ஆனால் திரும்பும்போது தையல்காரம்மாவின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதில் துணி இல்லை. நூல்கூட இல்லை.

பிப்ரவரி 4, புதன்

துணி இல்லாமல் எதற்கு ஓட்டுவது?

பிப்ரவரி 6, வெள்ளி

இன்னொரு அளவு எடுக்க வேண்டும் என்று ஆபீஸில் பொய் சொல்லிவிட்டுப் போனேன். நேரே தையல்காரம்மா வீட்டுக்கதவைத் தட்டினேன். அவள் பயந்தபடியே நாற்காலி போட்டாள். மிஷின் சத்தம் வரம்புக்குள்தான் இருக்கிறது என்றதும் கொஞ்சம் தெளிந்தாள். பிறகு, துணி இல்லாமல் எதற்கு ஓட்டுகிறாள் என்று கேட்டேன். வெகு நேரம் அளவு நாடாவைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தாள்.

"இந்த சத்தம் என் கையில இருக்கு மேடம். நான் நிறுத்தினா நின்னுடும். அது நிக்காது."

'அது' என்றால், இரண்டு தெரு தள்ளி ஒரு லாரி எஞ்சினை அணைக்காமல் நிற்கிறாற்போல ஓர் உறுமல். ஜூன் மாத மழைக்குப் பிறகு ஆரம்பித்ததாம். தெருவில் வேறு யாருக்கும் கேட்பதில்லை. அதை மறைக்கத்தான் வெறும் மிஷினை ஓட்டுகிறாள்.

அவள் கணவர் கணக்கு வாத்தியார். மெலிந்த, சத்தம் போடத் தெரியாத மனிதர். வாசற்படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எட்டு மாதமாகச் சுவர் சுவராகக் காது வைத்துப் பார்த்தாராம், ஃபிரிட்ஜை ஒரு வாரம் அணைத்துப் போட்டாராம். வரும் பத்தொன்பதாம் தேதி மனநல டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறார்.

"எனக்குக் கேக்கல மேடம். கேக்குதுன்னு பொய் சொல்லிடலாமான்னுகூட நெனச்சேன். அதுவும் வரல" என்றார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவர்கள் இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்படியே சொன்னேன். அவள் முகம் வாடியதைப் பார்க்க முடியவில்லை.

எனக்குக் கேட்கவில்லை என்பதற்கு என்ன மதிப்பு? இதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். இடது காது போய் இரண்டு வருஷம் ஆகிறது. வலது காதும் மெதுவாக அதன் பின்னால் போகிறது. மகளைத் தவிர யாருக்கும் தெரியாது. அறிக்கையில் 'அலுவலர் நேரில் கேட்டது' என்று ஒரு கட்டம் உண்டு. மீட்டரைப் பார்த்துக் குத்துமதிப்பாக 'உறுமல்', 'கிறீச்சொலி' என்று எழுதிக்கொண்டு வருகிறேன். சத்தம் அளக்கிறவளுக்குக் காது கேட்காது என்றால் ஊரே சிரிக்குமே. வெளிவேலை போய்விடும். அது போனால் எனக்கு என்னதான் இருக்கு?

பிப்ரவரி 8, ஞாயிறு

மகள் டி.வி. சத்தத்தைக் குறைக்கிறாள். நான் கூட்டுகிறேன். இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

மீட்டரில் இரண்டு அளவு முறைகள் உண்டு. ஒன்று மனிதக் காதைப் போல, அடித்தொண்டை மாதிரித் தாழ்ந்த சத்தங்களைப் பெரும்பாலும் கழித்துவிட்டுக் காட்டும். சட்டம் கேட்பது அதைத்தான். அதனால் எல்லோரும் அதிலேயே வைத்திருப்போம். இன்னொன்று கழிக்காமல் அப்படியே காட்டும். ரயில் கூட்டத்தில் டிக்கெட் இல்லாதவரையும் சேர்த்து எண்ணுகிற மாதிரி.

இன்று தையல் அறையில் வைத்து மாற்றினேன். முதல் முறையில் முப்பத்தொன்று. இரண்டாவதில் ஐம்பத்தெட்டு.

இருக்கிறது. ஏதோ ஒன்று நிச்சயமாக இருக்கிறது. 

வாத்தியாரிடம் எண்களைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். இது அவள் கேட்கிற சத்தம்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. மீட்டரை எடுத்துக்கொண்டு சுவர் சுவராக நடந்தேன்.

பின்சுவர் பக்கம் அளவு ஒரு பிடி கூடுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டிய வீடு. சொந்தக்காரர் வெளிநாடு போய் இரண்டு வருஷம், கரண்ட் பில்கூட அவர் பேங்கிலிருந்தே போகிறதாம். சாவி செயலாளரிடம். திறக்கச் சொன்னேன், மறுத்துவிட்டார். மாதம் ஒரு முறை முன் அறையைப் பார்த்துவிட்டு வருகிறாராம், அங்கே ஈ எறும்பு கிடையாதாம். நெடுஞ்சாலை லாரிச் சத்தமாகக்கூட இருக்கலாம், அதற்காக அடுத்தவன் வீட்டைத் திறப்பதா என்றார். அவர் சொல்வதும் தவறில்லை.

சுவரில் காது வைத்துக் கேட்கிற ஓர் ஆள் வேண்டும். கேட்கிற ஆள்.

பிப்ரவரி 12, வியாழன்

ஆபீஸில் யாரைக் கேட்பது? யாரைக் கேட்டாலும், 'ஏன், உங்களுக்கு என்ன?' என்பார்கள். நாள் முழுக்கக் கேட்காமலே கழிந்தது. பத்தொன்பதுக்கு ஒரு வாரம்தான்.

பிப்ரவரி 13, வெள்ளி

டிரைவரை உள்ளே கூப்பிட்டேன். காரணம் எதுவும் சொல்லவில்லை, இந்தச் சுவரைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள் அண்ணே என்றேன். அவரும் காரணம் கேட்கவில்லை. வண்டியிலிருந்து ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்தார். எஞ்சினில் எங்கே கோளாறு என்று பார்க்கிற மாதிரி, முனையைச் சுவரில் ஊன்றிப் பிடியைக் காதோரம் வைத்தார். சுவர் நெடுகிலும் ஜாண் ஜாணாக நகர்ந்தார். தையல்காரம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தரையை ஒட்டி ஓரிடத்தில் குந்தி, கண்ணை மூடிக்கொண்டார்.

"ஓடுது மேடம். மோட்டார்தான். பேரிங் போன மோட்டார்."

தையல்காரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வாத்தியார் பள்ளியில் இருந்தார், நல்லதோ கெட்டதோ.

நானும் வாங்கி வைத்துப் பார்த்தேன். காதில் ஒன்றும் விழவில்லை. கன்னத்து எலும்பில் மட்டும் ஒரு சிறிய அதிர்வு.

திரும்பி வருகிற வழியில் சொல்லிவிட்டேன். அண்ணே, எனக்குக் காது கேட்பதில்லை என்று. சொல்லவே வாய் வரவில்லை, சொன்ன பிறகு நிறுத்தவும் தெரியவில்லை. அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"தெரியும் மேடம். நான் பேசினா நீங்க கண்ணாடியில என் வாயப் பாப்பீங்க. அதான் ரெண்டு வருஷமா கண்ணாடியப் பாத்தே பேசறேன். சொன்னா சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

நான்தான் ஒளித்துவைத்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் எனக்காக ஒளித்துவைத்திருக்கிறார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

சாவியை வாங்கியது வாத்தியார். அவர் யாரிடமும் எதையும் கேட்காத மனிதராம். காலையில் செயலாளர் வீட்டுக் கேட்டில் போய் நின்று, வியாழக்கிழமை என் மனைவியை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன், அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை திறந்து பாருங்கள் என்றாராம். செயலாளர் சட்டையை மாட்டிக்கொண்டு சாவியோடு வந்துவிட்டார்.

பூட்டிய வீட்டின் முன் அறை பளிச்சென்று இருந்தது. அதற்கு அப்பால் செயலாளரும் போனதில்லை. சமையலறையைத் தாண்டிப் படி கீழே இறங்குகிறது. நிலவறை. மழைத்தண்ணீர் ஊறினால் இறைப்பதற்கு ஒரு மோட்டார். தண்ணீர் வற்றியதும் தானாக அணைய வேண்டிய மிதவை சேற்றில் சிக்கி, மோட்டார் அடியில் ஊறுகிற கொஞ்சத் தண்ணீரோடு ஓடிக்கொண்டே இருந்தது. அதன் குழாயைத் தையல் அறைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்திருந்தார்கள். பக்கத்தில் போனால்தான் சத்தமே. செயலாளர், "ஐயையோ" என்றார், மெதுவாக.

உடனே அணைத்திருக்கலாம். சுவிட்ச் பக்கம் நீண்ட என் கையை வாத்தியார் பார்த்தார். அவள் கேட்கிற சத்தம் இதுதானா என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும்.

டிரைவரும் செயலாளரும் நிலவறையில் இருந்தார்கள். எப்போது அணைப்பது, எப்போது போடுவது என்பது டிரைவர் இஷ்டம். மணியைச் செயலாளர் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கம் தையல்காரம்மா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வாத்தியார் கடிகாரமும் காகிதமும் வைத்துக்கொண்டார். போன்களை வாசலில் வைத்துவிட்டோம்.

நான்கு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு அவள் தோள்கள் இறங்கின. அவ்வளவுதான், தோள்கள் இறங்கின. "நின்னுடுச்சு" என்றாள். பென்சில் ஓடியது. கொஞ்ச நேரத்தில், "வந்துடுச்சு." மறுபடி, "நின்னுடுச்சு." நடுவில் ஒரு முறை ஒன்பது நிமிஷம் எதுவும் இல்லை, வாத்தியாருக்கு வியர்த்துவிட்டது. அவள் அசையவே இல்லை. டிரைவர் வேண்டுமென்றே காக்க வைத்தாராம். மொத்தம் ஆறு முறை.

இரண்டு காகிதங்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி வாத்தியார் வரி வரியாக டிக் போட்டார். ஆறாவது டிக் போட்டுவிட்டு அப்படியே துணிக்குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எட்டு மாசம் சொன்னியே" என்றார். 

அவள் ஜெயித்த மாதிரி எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. இனிமேல் போடமாட்டார்கள்தானே என்று மட்டும் கேட்டாள். டிரைவர் ஒயரையே கழற்றிவிட்டதைச் சொன்னோம். ஐந்து நிமிஷத்தில் மிஷின் மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள், பகல் பதினொன்றரை மணிக்கு. வாத்தியார் எங்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். செயலாளர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

பிப்ரவரி 19, வியாழன்

வாத்தியார் போன் செய்தார். மகளை ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கேட்டேன். டாக்டரிடம் அந்த நேரத்தை அவர் ரத்து செய்யவில்லையாம். தானே போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாராம். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

அறிக்கை. எல்லாக் கட்டமும் நிரப்பியாயிற்று, ஒன்றைத் தவிர. 'தாழ்ந்த உறுமல்' என்று எழுதினால் முடிந்தது. உண்மையும்கூட. யாரும் கேட்கப்போவதில்லை.

எட்டு மாதம் அந்த வாத்தியாருக்கு ஒரு பொய் வாயில் வரவில்லை. எனக்கு இரண்டு வருஷமாகச் சரளமாக வருகிறது.

எழுதினேன்: 'எனக்குக் கேட்கவில்லை. ஓட்டுநருக்குக் கேட்டது. புகாருக்கு உள்ளான பெண்ணுக்கும் கேட்டது.' கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டு ஓடிப்போய்த் திரும்ப வாங்கலாமா என்று இருந்தது. வாங்கல.

பிப்ரவரி 24, செவ்வாய்

மேலதிகாரி கூப்பிட்டார். கத்தியிருந்தால் தேவலை. பழைய அறிக்கைகளில் எத்தனையில் அந்தக் கட்டம் ஊகம் என்று கேட்டார். இரண்டு வருஷத்துக் கோப்புகளும் என்றேன். எண்கள் எல்லாம் சரி, சொற்கள் மட்டும்தான் என்னுடையவை. நான்கு இடங்களை மறுபடி அளக்கப் போகிறார்கள். எனக்கு ஒரு மெமோ. வெளிவேலை நிறுத்தம். காதுப் பரிசோதனைச் சான்று கொண்டுவர வேண்டும்.

கதவருகே வந்ததும் ஏதோ சொன்னார். கேட்கவில்லை. முதல் தடவையாகத் திரும்பி, "சார், கேக்கல, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன். தாழ்ந்த சத்தங்களுக்கு எந்த முறையில் அளப்பது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

மார்ச் 5, வியாழன்

பரிசோதனை அறை அந்த ஊரைவிட அமைதி. இடது காது அநேகமாக இல்லை, வலது பாதி. கருவி பொருத்தினார்கள். என் புடவை இவ்வளவு சத்தம் போடும் என்று தெரியாது.

மார்ச் 21, சனி

மீட்டர் இல்லாமல், வண்டி இல்லாமல், ரயிலில் அந்த ஊருக்குப் போனேன். மகளுக்கு ஒரு சட்டை தைக்கக் கொடுக்க வேண்டும் என்பது சாக்கு. தையல்காரம்மாவுக்கு முகத்தில் சதை போட்டிருக்கிறது. இப்போது மேடம் போய் அக்கா ஆகிவிட்டேன்.

கருவி எல்லாவற்றையும் ஒரே மாதிரி கூட்டிக் கொட்டுகிறது, தலை வலித்தது. கழற்றிப் பையில் போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எனக்கு ஊர் மொத்தமும் அணைந்துவிட்டது. அவள் பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது என்ன கேட்கிறது என்று கேட்டேன்.

கையை நிறுத்தி, எனக்கு வாய் தெரியும்படி திரும்பிக்கொண்டாள். செயலாளர் செடிக்குத் தண்ணீர் விடுகிறாராம். மூன்றாவது வீட்டில் பாத்திரம் கவிழ்க்கிறார்களாம். மூலை வீட்டு மாடியில் ஒரு பெண் பாடம் மனப்பாடம் செய்கிறதாம்.

"என்ன பாடம்?"

"தண்ணி எத்தன டிகிரியில கொதிக்கும்னு. பாதியில மறந்துடுது அக்கா. திரும்ப மொதல்லேர்ந்து வருது."

நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஊசி அந்தரத்தில் நின்றது. அந்தப் பெண் மறுபடி ஆரம்பித்ததை இவள் புருவத்தில் பார்த்தேன். காத்திருந்தேன்.

"சொல்லிடுச்சு" என்றாள்.