காளானுக்கு மூன்றாவது கட்டம்

பேத்தி பாடப்புத்தகத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். காளான் தாவரமும் இல்லையாம், விலங்கும் இல்லையாம், தனி வகையாம். கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். இதையேதான் நீ எழுபது வருடத்துக்கு முன்னால், நாம் சேர்ந்து படித்தபோது சொன்னாயடி.

வேப்பனப்பள்ளிப் பக்கம் நம் ஊர்ப் பள்ளிக்கூடம், ஐந்தாம் வகுப்பு. வாத்தியார் கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டார்: தாவரம், விலங்கு. மா, கேழ்வரகு, எருமை, ஓணான் எல்லாம் ஒழுங்காக ஏறின. காளான் உன் முறைக்கு வந்தது.

"ரெண்டுலயும் சேராது சார். அதுல பச்சையும் இல்ல, வெதையும் இல்ல. பொரட்டாசி சனிக்கெழம எங்கூட்டுல அத அடுப்புல ஏத்த மாட்டாங்க, கறியோட சேத்தி. ஆனா வாயி, காலு ஒண்ணும் இல்லியே. இன்னொரு கட்டம் போடுங்க சார்."

வகுப்பே சிரித்தது. "உங்கப்பன வரச் சொல்லு, மம்பட்டியில கட்டம் போடட்டும்" என்றார், உன் அப்பா கூலிக்கு மண் வெட்டுகிறவர் என்று தெரிந்தே. "தாவரம்னு எழுதற வரைக்கும் வெளிய நில்லு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ அவகூடவே சுத்தறவளாச்சே. அவ சொல்றது சரியா?"

மழைக்கு மறுநாள் புற்றுமேட்டில் உன்னோடு காளான் பிடுங்கியவள் நான். இலையில்லை, விதையில்லை என்று நானும்தான் பார்த்திருந்தேன்.

"செடிதான் சார்" என்றேன்.

மூன்று நாள் வெயிலில் நின்றாய். எழுதவில்லை. நான்காம் நாள் உன் அப்பா வந்தார். "நிக்கறதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்? கொல்லையில நின்னா களையாவது புடுங்கலாம்." அதோடு உன் படிப்பு முடிந்தது. படித்த எழுத்தும் மறந்துபோய்க் கடைசிவரை கைநாட்டுதான் வைத்தாய்.

வாத்தியார் சாவுக்கு ஊரே போனது, நான் போகவில்லை. உனக்கு அந்த ஆங்காரமெல்லாம் கிடையாது. ராயக்கோட்டைச் சந்தையில் ஒருநாள், என்மேல் கோபமா என்று கேட்டேன். தலைமேல் இருந்த தக்காளிக் கூடையை இறக்காமலே சிரித்தாய்.

"அடிப் போடி. நீ செடின்னு சொல்லிட்டா அது செடியாயிடுமா?"

போன தை மாதம் உன்னை மண்ணில் வைத்தார்கள். புத்தகத்தில் வந்துவிட்டதடி என்று யாரிடம் ஓடிப்போய்ச் சொல்வேன்?

இத்தனை காலம் வாத்தியாரைத் திட்டித் திட்டியே என்னை மறைத்துக்கொண்டேன். அன்று நீ சொன்னது சரி என்று சொல்லியிருந்தால் நானும் உன் பக்கத்தில் நின்றிருப்பேன். இரண்டு பேராக நின்றிருந்தால் உன் அப்பா உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவைத்திருப்பாரோ என்னவோ. நான் நிற்காத அந்த மூன்று நாள் இன்னும் என் காலில் வலிக்கிறது.