ஓய்வு என்று எழுதியிருந்தீர்கள்

கூலாய், மலேசியா
8 செப்டம்பர் 2024

அன்புள்ள கால்வின்,

சுகம்தானே? இங்கே அம்மாவும் நானும் சுகம். போனில்தான் பேசுகிறோமே, மின்னஞ்சல் எதற்கு என்று நினைப்பீர்கள். உங்கள் அம்மா பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நான் வாய் திறப்பதற்குள் போனைப் பிடுங்கி, "சாப்டியாடா? குளுருதா?" என்று ஆரம்பித்துவிடுகிறார். கட்டிய புருஷனிடம் நாலு வார்த்தை பேச எனக்கு இதைவிட்டால் வழியில்லை.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். கல்லூரி அணியில் சீனப் பையன்களுக்கு நடுவே ஒரே தமிழராக நீங்கள் கூடைப்பந்து ஆடியதைப் பார்க்க, ஜொகூர் பாருவில் வகுப்பை மட்டம் போட்டுவிட்டு வந்தவர்களில் நானும் ஒருத்தி. மங்கோலியாவிலிருந்து கிளப் கூப்பிட்டபோது, தயங்கிய உங்களைப் போகச் சொன்னதும் நான்தான். மூன்று வருடம் என்றீர்கள். இது ஐந்தாவது. எனக்கு முப்பத்து மூன்று முடிந்துவிட்டது. பிள்ளை வேண்டும், கால்வின். ஒன்று நீங்கள் வாருங்கள், இல்லையென்றால் என்னை அங்கே கூட்டிக்கொள்ளுங்கள். செனாய் தொழிற்சாலையில் கணினிச் சில்லுகளைப் பார்த்துப் பார்த்து என் கண் பூத்துவிட்டது. உங்கள் ஊர்க் குளிரில் நடுங்கவும் தயார்.

முன்பெல்லாம் ஆட்டம் முடிந்த கையோடு வீடியோ அனுப்புவீர்கள். இப்போது அதையும் காணோம். கோபமா, சோம்பலா?

உங்கள்
சமந்தா


எர்டெனெட், மங்கோலியா
19 செப்டம்பர் 2024

அன்பு சமந்தா,

கோபமும் இல்லை, சோம்பலும் இல்லை. இங்கே இப்போதே காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. செம்புச் சுரங்கத்துக்குப் போகும் பஸ்கள் புகை கக்கிக்கொண்டு போகின்றன. நான் இருப்பது அதே அறைதான், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால்.

மார்ச்சில் முழங்கால் மடங்கி விழுந்தேன் அல்லவா, அது சரியாகவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஓய்வுதான் நல்லது என்றார். கிளப்பில் பேசினேன். அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். ஆகவே ஓய்வு. கிறிஸ்துமஸுக்கு, டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி வீட்டுக்கு வருகிறேன், மற்றதை நேரில் பேசலாம். காலைப் பற்றி அம்மாவிடம் மூச்சு விடாதே.

அன்புடன்,
கால்வின்


கூலாய்,
6 அக்டோபர் 2024

என் அன்பான கால்வின்,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று இரண்டு பொட்டலம் நாசி லெமாக் சோறு சாப்பிட்டேன். சந்தோஷம் வந்தால் எனக்குப் பசிக்கும், உங்களுக்குத் தெரியாததா? முழங்கால் நன்றாக ஓய்வெடுக்கட்டும். இங்கே வந்தால் நானே தைலம் தேய்த்துவிடுகிறேன்.

காலைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை. நீங்கள் வருகிறீர்கள் என்று மட்டும் சொன்னேன், பசார் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார். கோயிலில் ஃபாதர், கிறிஸ்துமஸ் விழாவில் ஒரு நட்பு ஆட்டம் வைக்கலாம் என்கிறார். நீங்கள் ஓட வேண்டாம், நின்ற இடத்திலிருந்து நாலு பந்து போட்டால் போதுமாம். உங்கள் லிம் கோச் பழைய அணியையே கூட்டிவருகிறார். கோயில் வேலியில் பேனர்கூடக் கட்டிவிட்டார்கள், மீசை முளைக்காத உங்கள் கல்லூரிப் படத்தோடு. பக்கத்து வீட்டு ஃபெலிசியா அதைப் பார்த்துவிட்டு, "அலமாக், கால்வின் வராரா? அன்னிக்கு நான் ஷிஃப்ட் மாத்திக்கிறேன் லா!" என்று கத்தினாள்.

இனி என் சேதி. வேலையை விடுவதாகத் தொழிற்சாலையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். விடுமுறை முடிந்து நீங்கள் ஜனவரியில் திரும்பும்போது நானும் கூட வருகிறேன். திட்டாதீர்கள்.

ஆசையுடன்,
சமந்தா


கூலாய்,
3 நவம்பர் 2024

கால்வின்,

பதிலே இல்லை. போனிலும் அம்மாவோடு பேசிவிட்டு வைத்துவிடுகிறீர்கள்.

நேற்று லிம் கோச் வீட்டுக்கு வந்தார். ஆட்டத்துக்காக உங்கள் கிளப்பில் அனுமதி கேட்டிருக்கிறார். தயங்கித் தயங்கிச் சொன்னார். "சமந்தா, அவன் ரெஸ்ட்ல இல்ல லா. ரிட்டயர் ஆயிட்டான். வெளிநாட்டு ஆளுக்கு அங்க ஒரு எடம்தான், அதுல வேற பையன் ஆடுறான். உன்கிட்ட சொல்லலையா?"

"சொன்னாரு கோச். நான்தான் சரியா படிக்கல" என்றேன்.

உங்கள் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஓய்வு என்று எழுதியிருந்தீர்கள். எடுக்கும் ஓய்வா, பெறும் ஓய்வா என்று எழுதவில்லை. நம் வீட்டில் யார் இந்தச் சொல்லைச் சொல்கிறார்கள்? ரெஸ்ட் என்போம், ரிட்டயர் என்போம். அப்படி எழுதியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அதனால்தானே எழுதவில்லை?

கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் உங்களை நினைத்தால்தான் அழுகை வருகிறது. இத்தனை மாதம் தனியாக இதை எப்படித் தாங்கினீர்கள்?

பேனரை அவிழ்க்கச் சொல்லிவிட்டேன். ஆட்டம் கிடையாது. தொழிற்சாலையில் என் இடத்துக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். போகட்டும், இரண்டு பேருமாக வேலை தேடுவோம். ஊரில் யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் வாருங்கள், அது போதும். டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி செனாய் விமான நிலையத்தில் நிற்பேன்.

சமந்தா


எர்டெனெட்,
19 டிசம்பர் 2024

அன்பு சமந்தா,

என்ன சொன்னாலும் உனக்குச் சாக்காகத்தான் தெரியும். தெற்கே ஒரு சுரங்கக் கம்பெனி அணியில் என்னை ஆடவைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். சின்ன அணிதான். காலை இறுகக் கட்டிக்கொண்டு பாதி ஆட்டம் ஆட முடிந்தால்கூட ஒரு சீசன் கிடைக்கும். இப்போது வர முடியாது.

பேனரை அவிழ்த்துவிட்டாய். அதைப் பார்த்தவர்களை என்ன செய்வாய்? கூலாயில் என்னைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் பந்தோடுதான் தெரியும். நொண்டிக்கொண்டு அங்கே இறங்க எனக்கு மனசு வரவில்லை. ஒரே ஒரு சீசன், சமந்தா. நீ வேறு வேலை பார்த்துக்கொண்டு கொஞ்சம் பொறுத்துக்கொள்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து.

கால்வின்


எர்டெனெட்,
16 மார்ச் 2025

அன்பு சமந்தா,

ஜனவரியில் எழுதினேன், போன மாதமும் எழுதினேன். நீ பதில் போடவில்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டாய்.

அந்தச் சுரங்க அணியில் முதல் நாளே கால் மடங்கிவிட்டது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள். அணியில் இடமில்லை என்று அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். எர்டெனெட்டிலும் இந்த மாதக் கடைசியில் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

அம்மாவிடம் உன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். நேற்றுத்தான் வாய் திறந்தார். "அவ சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிட்டாடா. ஞாயித்துக்கெழம பூசைக்கு வந்தா என்னைப் பாத்துட்டுத்தான் போறா. உன் பேச்சை எடுத்தா மட்டும் எந்திரிச்சுடுறா." போனை வைக்கும் முன் இதையும் சொன்னார். "நீ வரலைன்னு எழுதினதைப் படிச்சிட்டுத்தான் அன்னிக்கு செனாய்க்குப் போனா. நீ மனசு மாறி வந்துருவேன்னு சொன்னா. கடைசி பிளேன் வர்ற வரைக்கும் நின்னுட்டு வந்தா."

எனக்கு இது தெரியாது, சமந்தா. நீ போயிருப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை.

இப்போது வரட்டுமா? ஆட்டம், அணி எதுவும் இனி இல்லை. நான் மட்டும்தான். வா என்று இன்னொரு முறை எழுது. நாளைக்கே புறப்படுகிறேன்.

கால்வின்