கேட்காத கேள்விக்கு வந்த பதில்

14.8.1991, புதன்

ஒளியைவிட வேகமாகப் போகும் டாக்கியான் என்ற துகள் உண்மையாக இருந்தால், கேள்விக்கு முன்பே பதில் வந்துவிடலாம் என்று இன்று பிளஸ் டூ வகுப்பில் சொன்னேன்.

"அப்ப பரிட்சைக்கு நல்லது மிஸ்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தோம்.

மாலை ஆவடி குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியபோது தங்கை ஸ்டெல்லாவின் இன்லண்ட் லெட்டர் வந்திருந்தது. அவள் கையெழுத்துதான். தேதி மட்டும் அடுத்த மாதம்.

"அக்கா, நீ கேட்டபடி அம்மாவுக்கு அந்த நீலப் புடவையையே கட்டி அடக்கம் பண்ணினோம்."

நான் எதுவும் கேட்கவில்லை. விளையாட்டாகக்கூட ஸ்டெல்லா இப்படி எழுத மாட்டாள். அம்மா பக்கத்து அறையில்தான் இருக்கிறாள், நாளை ஸ்டெல்லா வீட்டுக்குக் கிளம்பப் பெட்டி அடுக்கிக்கொண்டு. கடிதத்தை மறைத்துவிட்டுப் போனேன்.

"நீலப் புடவ வேணாம்மா, இங்கயே இருக்கட்டும்."

"அதத்தான்டி மொதல்ல வச்சேன்" என்றாள்.